அணை அப்படியேதான் இருக்கு, வீடுகள்தான் வந்தன

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், கார்டெல் ஊருக்குப் பக்கத்தில் கிளவுட் க்ரீக் என்றொரு ஓடை. 1948-இல் அதன் குறுக்கே மண்ணைக் கொட்டி ஒரு சின்ன வெள்ளத்தடுப்பு அணை எழுப்பினார்கள். அந்நாட்டு வேளாண் துறையின் உதவியோடு வந்த இந்த வகை அணைகளில் அதுதான் முதலாவது. அப்புறம் நாடு முழுக்க 11,000-க்கும் மேல் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றுக்கு ஆயுள் 50 வருஷம் என்று கணக்கு.

அன்றைக்குக் கீழே வயலும் மேய்ச்சல் நிலமும்தான். உடைந்தால் பயிர் போகும், வேலி போகும். அதனால் பல அணைகளுக்குக் கிடைத்தது 'குறைந்த ஆபத்து' என்ற வகை. கேட்டதும் நாம தலைகீழாகத்தான் புரிந்துகொள்வோம். இந்த வகைப்பாடு கரையின் உறுதியைப் பார்ப்பதே இல்லை. உடைந்தால் கீழே யாராவது சாவார்களா? கேள்வி அவ்வளவுதான். விரிசலே விடாத அணை 'அதிக ஆபத்து' ஆகலாம். கசிந்துகொண்டிருப்பது 'குறைந்த ஆபத்து' என்றே கிடக்கலாம்.

வெள்ளம் அடங்கியதும் பள்ளத்தாக்கு பத்திரமாகத் தெரிந்தது. பல இடங்களில் வீடுகள் வந்தன. அணையில் ஒரு கூடை மண்கூட மாறவில்லை, வகை மட்டும் ஏறிவிட்டது. ஏறினால் கலிங்கை அகலப்படுத்தணும், சில இடங்களில் கரையை உயர்த்தணும். காசு?

2000-இல் ஒரு சட்டம் வந்தது: புதுப்பிக்கும் செலவில் 65 சதவீதம் மத்திய அரசு தரும். மிச்சத்தை அணையைப் பராமரிக்கும் உள்ளூர் அமைப்பு தேடணும். அது பெரும்பாலும் மண்வளப் பாதுகாப்புக்கென்று இருக்கும் சின்ன அமைப்பு. கீழே வீடு கட்ட அனுமதி தருவதோ வேறொரு அலுவலகம்.