அரிசியும் பயறும்: வன்னிப் புக்கையின் வரலாறு

முறிகண்டியிலிருந்து மேற்கே பிரியும் வீதி அக்கராயனைச் சென்றடைகின்றது. காலபோக நெல் வீடு வந்து சேர்ந்ததும் அவ்வூர் மனைகளில் முதன்முதல் ஆக்கப்படும் உணவு புக்கை. புத்தரிசியும் வறுத்துடைத்த பயற்றம்பருப்பும் ஒரே பானையில் வெந்து குழைவது அது. கோயிலில் ஆக்கினாற் பொங்கல், வீட்டில் ஆக்கினாற் புக்கை என்பது எங்கள் வீட்டு வழக்கு. வடநாட்டார் இதனையொத்த உணவைக் கிச்சடி என்பர். இவ்வெளிய உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் வயல்களின் வரலாற்றினின்று பிரிக்கவொண்ணாதது. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லை நோக்குவாம். புக்கை என்பது புற்கை என்னும் பழஞ்சொல்லின் திரிபு. திருவள்ளுவர் இரவச்சம் கூறுமிடத்து இச்சொல்லை ஆள்கின்றார். தெளிந்த நீரில் அட்ட புற்கையேயாயினும், தன் முயற்சி தந்ததாயின் அதனினும் இனியது பிறிதில்லை என்பது அவர் கருத்து. பொங்கல் என்னும் சொல்லோ சிலப்பதிகாரத்தில் வருகின்றது. புகார் நகரத்து இந்திர விழாவிலே காவற்பூதத்துக்குப் படைத்த பொருள்களுள் பொங்கலும் ஒன்று. அக்காப்பியத் தலைவிக்கு முல்லைத்தீவைச் சார்ந்த வற்றாப்பளையில் இன்றும் வைகாசியிற் பொங்கல் நிகழ்கின்றது. கடலில் எடுத்த நீரால் விளக்கெரிப்பதும் அவ்விழாவின் மரபு.

பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இபின் பதூதா, பயற்றை அரிசியுடன் வேகவைத்து நெய்யிட்டுக் காலையில் உண்பதனைக் கண்டு எழுதினார். அக்பர் அவையினரான அபுல் பசல் தமது அயினி அக்பரியில் அரிசி, பருப்பு, நெய் மூன்றையும் சம நிறையாகக் கூறுகின்றார். அவ்வளவு நெய்யை எங்கள் ஊரில் எந்த அடுப்பும் கண்டதில்லை! இக்குறிப்புக்களைக் கொண்டு, நம் புக்கை வடநாட்டுக் கிச்சடியின் வழிவந்தது எனக் கூறுவாருமுளர். இது பொருந்தாது. தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்கள் சிலவற்றின் அகழ்வில் 3500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பயற்று மணிகள் கிடைத்துள்ளன. நமக்கு அயலேயுள்ள மாந்தைத் துறைமுகத்தின் பழைய மண்ணிலும் நெல்மணிகள் கிடைத்தன. நெல்லும் பயறும் விளையும் நிலத்தில் இரண்டையும் ஒரே பானையில் இடுவதற்கு எவரும் எவரிடமும் பாடங்கேட்க வேண்டியதில்லை.

இனி ஆக்கும் முறை. ஒரு கொத்து அரிசிக்கு ஒரு சுண்டு பயறு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அதாவது நாலுக்கு ஒன்று. பயற்றை இளஞ்சூட்டில் மணம் வரும்வரை வறுத்துத் திருகையில் உடைத்துச் சுளகினாற் கோது நீக்குவர். வறுக்காத பருப்பிற் பச்சை மணம் தங்கும். உலை கொதித்தபின் பருப்பையிட்டு, அது பாதி வெந்ததும் அரிசியைக் களைந்து இடுவர். தேங்காய்ப்பாலும் உப்பும் இறுதியிலேதான். பருப்பு மசிந்தும் மணி தெரிய வேண்டும். அரிசி குழைந்தும் கூழாகலாகாது. அரிசிப் புரதத்திற் குறைவான லைசின் என்னும் கூறு பயற்றில் மிகுந்துள்ளது என இக்கால உணவியலார் கூறுவர். வயலிலும் இவ்விரண்டும் துணையே. நெல் அறுத்த நிலத்தில் எஞ்சிய ஈரத்திற் பயற்றை விதைத்தால், அதன் வேர்முடிச்சுக்கள் நைதரசனை மண்ணில் நிலைநிறுத்தும்.

பயறு இருந்த இடத்துக்கு மைசூர்ப் பருப்பு வந்த கதையே நாம் ஊன்றி நோக்கற்பாலது. மைசூர் நகரத்துக்கும் இப்பருப்புக்கும் தொடர்பில்லை; மசூர என்னும் வடசொல் நம் நாவில் அவ்வாறாயிற்று. மேற்காசியாவிற் பிறந்த அப்பயிர் இலங்கைக்குக் கப்பலில் வருவது. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றபோது பங்கீடு தொடங்கிற்று. சங்கக்கடையும் கூப்பனும் குடும்பத்தின் உணவை அளந்தன. 1953 இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக, நாடே ஹர்த்தாலில் இறங்கிற்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் வன்னி விவசாயிக்கு நற்காலமாயிற்று. மிளகாயும் வெங்காயமும் போலப் பயறும் உழுந்தும் விலைபெற்றன. பின்னர் இறக்குமதி திறந்து விடப்பட, விலை வீழ்ந்தது. 1987 ஆனி 4 ஆம் நாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளை இட்டதனைச் சிங்கள மக்கள் இன்றும் பருப்பின் பெயராலேயே நினைவுகூர்கின்றனர்.

1996 இல் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்து அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் வந்தனர். எங்கள் வளவில் நான்கு குடும்பங்கள் தங்கின. நிவாரண அரிசியும் மைசூர்ப் பருப்புமே அனைவர்க்கும் உணவு. ஒருநாள் அப்பருப்பைக் கொண்டே புக்கை ஆக்கினர். அது கரைந்து செந்நிறக் கூழாயிற்று. பரணிற் பயறு இருக்க இஃது ஏன் என்று சிறுவனாகிய நான் முறையிட்டேன். “அது விதை. அதைத் தின்றுபோட்டு மாசிக்கு என்னத்தை விதைக்கிறது?” என்றார் அம்மம்மா. சாம்பல் பிசறி மண்குடத்தில் வைத்த அப்பயறு, சிறுமணியாய்க் கரும்பச்சை நிறங்கொண்டது.

2008 இல் நாங்களே ஊரை விட்டுப் புறப்பட்டபோது அக்குடத்தையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். தருமபுரம் வரை அது எங்களுடன் இருந்தது. அதற்கப்பால் எதனை எங்கே இறக்கினோம் என்று எவர்க்கும் நினைவில்லை. 2009 இல் செட்டிகுளத்து முகாமில் வரிசையில் நின்று பெற்ற சோற்றுக்கும் பருப்பே கறி. வள்ளுவர் சொன்ன அந்தத் ‘தன் முயற்சி’யின் பொருள் எனக்கு விளங்கியது அவ்வரிசையில் நின்றபோதுதான், பரீட்சைக்குப் படித்தபோதன்று.

2010 இல் ஊர் திரும்பினோம். இப்பொழுது விதைப்பது எம்.ஐ. 5, எம்.ஐ. 6 முதலிய திருந்திய இனங்கள். அவற்றைக் குறைகூற மாட்டேன், விளைச்சல் நன்று. எனினும் பலர் பயறு விதைப்பதையே விட்டனர். 2022 நெருக்கடியில் பருப்பு விலை ஏறியபோதே, வயலிற் பயறு போடலாமே என்ற பேச்சு எங்கள் ஊரில் மீண்டும் எழுந்தது. கடந்த தையில் என் வகுப்பு மாணவரிடம், பொங்கற் பானைக்குப் பயறு எங்கிருந்து வந்தது என்று வினவினேன். முப்பத்தொருவருள் நால்வரே வயலிலிருந்து என்றனர்.

அச்சிறுமணிப் பயறு வன்னியில் முற்றும் அற்றுப்போயிருக்கும் என நான் நம்பவில்லை. இம்மலரைக் காணும் பழைய மாணவர் எவர் வீட்டிலேனும் அது இருப்பின், ஒரு சுண்டு தந்துதவ வேண்டுகின்றேன். மாசிக்கு முன் கிடைத்தால் இவ்வாண்டே விதைக்கலாம்.