காண்டாமிருகத்தில் தொடங்கி டயாலிசிஸ் வரை: நான்கு குட்டிச் சுரப்பிகளின் கதை

பென்னாகரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வயதானவர்கள் மட்டும் இல்லை, இளவட்டங்களில் கூட சிலர் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கறை தெரியும். வெற்றிலை போடாத பல். பல் துலக்காததாலும் இல்லை. காரணம் தண்ணீர். தருமபுரி மாவட்டத்தின் பாறைக்கடியில் இருந்து வரும் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்க ஏற்றதல்ல என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய கிணறுகளும் போர்களும் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

பல்லில் தெரிவது வெளி அடையாளம் மட்டும்தான். வருடக்கணக்கில் குடித்தால் அது எலும்பில் போய் உட்காரும். முதுகு வளையாது, கழுத்து திரும்பாது, மூட்டு மடங்காது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் பகுதியில் இப்படி எலும்பு இறுகிப் போன மனிதர்களைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1937-லேயே எழுதிவிட்டார்கள்.

சரி, இதற்கும் டயாலிசிஸுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எலும்பில் வரும் கோளாறும், புளோரைடால் வரும் கோளாறும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. அந்த இடம் கழுத்தில் இருக்கிறது. பெயர் பாராதைராய்டு.

*செத்துப் போன காண்டாமிருகம்*

1849-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஓர் இந்தியக் காண்டாமிருகம் இறந்தது. அதை அறுத்துப் பார்த்தவர் ரிச்சர்ட் ஓவன் என்ற புகழ்பெற்ற உடற்கூறு நிபுணர். அவ்வளவு பெரிய மிருகத்தின் கழுத்தில், தைராய்டு சுரப்பியை ஒட்டி, மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி உறுப்பைப் பார்த்து எழுதி வைத்தார். அது என்ன, எதற்கு என்று அவருக்கும் தெரியாது. யாரும் கண்டுகொள்ளவும் இல்லை.

மனித உடம்பில் அதைக் கண்டுபிடித்தது ஒரு மாணவர்! ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் மருத்துவம் படித்துக் கொண்டிருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் 1877-ல் முதலில் ஒரு நாயின் கழுத்தில் பார்த்தார். பிறகு ஐம்பது மனித உடல்களை அறுத்துப் பார்த்து 1880-ல் கட்டுரை வெளியிட்டார். அப்போதும் உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

பொதுவாக நான்கு சுரப்பிகள். ஒவ்வொன்றும் ஒரு பருப்பு அளவுதான். இவற்றை எடுத்துவிட்டால் கை கால் இழுத்துக் கொள்கிறது என்பது 1890-களில் தெரிய வந்தது. ரத்தத்தில் கால்சியம் குறைவதுதான் அதற்குக் காரணம் என்று 1909-ல் மெக்கலம், வோக்ட்லின் இருவரும் காட்டினார்கள். அதாவது ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக் கொள்வதுதான் இந்தச் சுரப்பிகளின் வேலை. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் (சுருக்கமாக பி.டி.எச்) சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பில் இருக்கும் கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் போடும்.

வங்கி சேமிப்பில் இருந்து எடுத்து அன்றாடச் செலவைச் சமாளிப்பது போல. அவசரத்துக்கு எடுத்தால் பரவாயில்லை. தினமும் எடுத்தால்?

*தலைகீழாகப் புரிந்து கொண்ட மருத்துவம்*

1920-களில் வியன்னாவில் ஒரு ட்ராம் வண்டி ஊழியர் எலும்பெல்லாம் கரைந்து நடக்க முடியாமல் இருந்தார். அவரைப் பார்த்தவர் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். "எலும்பு நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சுரப்பி வீங்கியிருக்கிறது, பாவம், போதாமல் வளர்ந்து உதவப் பார்க்கிறது" என்பது அன்றைய நம்பிக்கை. அதனால் மாண்டல் வேறொருவரின் சுரப்பியை எடுத்து அவருக்கு வைத்துப் பார்த்தார். பலன் இல்லை. கடைசியில் 1925-ல் துணிந்து, வீங்கியிருந்த சுரப்பியை வெட்டி எடுத்தார். நோயாளி எழுந்து நடந்தார்!

சில வருடங்களில் அந்த நோய் திரும்பவும் வந்தது என்பது வேறு கதை. ஆனால் ஒரு விஷயம் உறுதியானது. சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் எலும்பைத் தின்றுவிடும்.

அன்றைய நம்பிக்கையும் முழுக்கத் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. சில நேரங்களில் சுரப்பி தானாகக் கெட்டுப் போவதில்லை. வேறு எங்கோ ஏற்பட்ட பற்றாக்குறையைச் சரிக்கட்டத்தான் அது வீங்குகிறது. சிறுநீரக நோயில் நடப்பது அதுதான். 1930-களில் பாஸ்டன் நகரத்து ஃபுல்லர் ஆல்பிரைட் போன்றவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். ஆனால் அன்றைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்தவர் சில வாரங்களில் இறந்துவிடுவார். எலும்பு கரைய அவகாசமே கிடையாது.

*உயிர் பிழைத்ததால் வந்த நோய்*

1943-ல் நெதர்லாந்தில், போர்க்காலத்தில், வில்லெம் கோல்ஃப் டயாலிசிஸ் இயந்திரம் செய்தார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையிலேயே நிரந்தரமாக ஒரு குழாய் இணைப்பு வைத்து, திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அவருடைய முதல் நோயாளி அதன் பிறகு 11 வருடம் வாழ்ந்தார்.

நம் பக்கத்தில் இந்த விஷயத்தில் முன்னோடி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே டயாலிசிஸ் செய்து பார்த்தார்கள். 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையையும் வெற்றிகரமாகச் செய்தார்கள்.

வாரக் கணக்கில் வாழ்ந்தவர்கள் வருடக் கணக்கில் வாழத் தொடங்கியதும் புதிய தொல்லைகள் வந்தன. எலும்பு வலி, தாங்க முடியாத அரிப்பு, லேசாக விழுந்தாலே முறிவு, ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிதல். டயாலிசிஸ்தான் கழிவை எடுத்துவிடுகிறதே, பிறகு ஏன்?

இங்கேதான் பாஸ்பரஸ் வருகிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

சாதாரணச் சாப்பாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். அதில் 600 உடம்பில் சேர்கிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 4200 வரவு. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் வெளியேறுவது சுமார் 800. வாரம் மூன்று முறை செய்தால் 2400. நம் ஊரில் பலரும் செய்து கொள்வது போல வாரம் இரண்டு முறை என்றால் 1600-தான். மீதி எங்கே போகும்? பாஸ்பரஸின் பெரும்பகுதி செல்களுக்கு உள்ளேயும் எலும்பிலும் இருப்பதால், இயந்திரத்தின் வேகத்துக்கு அது வெளியே வராது.

இப்படித் தேங்கும் பாஸ்பரஸ் கால்சியத்தோடு ஒட்டிக் கொள்கிறது. இன்னொரு பக்கம், வைட்டமின் டி-யை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதே சிறுநீரகம்தான் என்று 1970-ல் ஃப்ரேசரும் கோடிசெக்கும் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகம் படுத்துவிட்டால் அதுவும் இல்லை. கால்சியம் இறங்குகிறது. கழுத்துச் சுரப்பிகள் பதறிப் போய் பி.டி.எச்-ஐக் கொட்டுகின்றன. எலும்பு கரைகிறது.

1972-ல் நீல் பிரிக்கர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். உடம்பு ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை விலையாகக் கொடுக்கிறது என்றார். ரத்தத்தின் சமநிலையைக் காப்பாற்ற எலும்பைக் கொடுக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் சரியாக இருக்க வேண்டும் என்றால் இன்னொரு பக்கத்தில் யாரோ கொடுத்தாக வேண்டும் இல்லையா?

*மருந்தே நஞ்சான கதை*

பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்து வைத்து மலத்தில் வெளியேற்றினால் என்ன? நல்ல யோசனை. அதற்காக அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். பாஸ்பரஸ் நன்றாக இறங்கியது. எல்லோருக்கும் நிம்மதி.

பிறகு சில டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பேச்சு குழறியது, நினைவு தப்பியது, வலிப்பு வந்தது, இறந்தும் போனார்கள். 1976-ல் அமெரிக்காவின் டென்வரில் ஆல்ஃப்ரே குழுவினர் அவர்கள் மூளையில் அலுமினியம் அதிகமாகச் சேர்ந்திருப்பதைக் காட்டினார்கள். 1978-ல் இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள், அங்கே எலும்பு மெலிந்து முறிவதற்கு டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய தண்ணீரில் இருந்த அலுமினியம்தான் பெரும்பாலும் காரணம் என்றார்கள். குடிநீரைத் தெளிய வைக்கப் போடும் படிகாரம் ஓர் அலுமினிய உப்புதானே!

அடுத்து கால்சியம் மாத்திரைகள் வந்தன. பாஸ்பரஸைப் பிடிக்கும், கால்சியமும் கிடைக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எல்லோரையும் அதிர வைத்தது. 20 முதல் 30 வயதுக்குள் இருந்த 16 டயாலிசிஸ் நோயாளிகளில் 14 பேருக்கு இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தது. கல்லூரி வயதுப் பிள்ளைகள்! அப்படிப் படிந்தவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு கால்சியம் மாத்திரை எடுத்திருந்தார்கள்.

அதன் பிறகு கால்சியம் இல்லாத செவலமர், லாந்தனம் போன்ற மாத்திரைகள் பரவின. 2004-ல் சினாகால்செட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது சுரப்பியிடம் "கால்சியம் போதும்" என்று பொய் சொல்லி பி.டி.எச்-ஐக் குறைக்கும் மருந்து. இரண்டிலும் விலை ஒரு தடை. சினாகால்செட் உயிரைக் காக்கிறதா என்று 3800-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2012-ல் வெளியிட்ட முடிவும் எதிர்பார்த்தபடி தெளிவாக இல்லை.

இன்னொரு பாடமும் கிடைத்தது. பி.டி.எச்-ஐ அடியோடு அமுக்கினால் எலும்பு புதுப்பிக்கவே மறந்து மரத்துப் போகிறது. அதனால்தான் இன்றைய உலக வழிகாட்டுதல், டயாலிசிஸ் நோயாளிக்கு பி.டி.எச் சாதாரண உச்ச அளவைப் போல 2 முதல் 9 மடங்குக்குள் இருக்கட்டும் என்கிறது. ஒரு முறை எடுத்த எண்ணை விட, தொடர்ந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். பாஸ்பரஸ், கால்சியம், பி.டி.எச் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

*திரும்பவும் பென்னாகரம்*

1973-ல் இந்திய மருத்துவர்களான தியோதியா தம்பதியர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புளோரைடால் எலும்பு பாதித்தவர்களில் சிலருக்கு பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வதைக் கண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சிறுநீரக நோய் வரும் முன்பே எலும்புச் சேமிப்பில் கை வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். உடம்பில் சேரும் புளோரைடை வெளியேற்றும் பொறுப்பும் சிறுநீரகத்துடையதுதான். அது கெட்டுப் போனால் எலும்பில் இன்னும் அதிகமாகத் தங்கும்.

டயாலிசிஸ் தண்ணீரின் கதையும் இதேதான். ஒரு முறை டயாலிசிஸ் செய்ய சுமார் 120 லிட்டர் தண்ணீர் நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் புறம் ஓடுகிறது. 1993-ல் சிகாகோவில் ஓர் டயாலிசிஸ் மையத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு தவறிப் போய், புளோரைடு கலந்து மூன்று பேர் இறந்தார்கள். புளோரைடு பூமியில் ஒரு டயாலிசிஸ் மையம் நடத்துபவர்களுக்கு ஆர்.ஓ. இயந்திரத்தின் பராமரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பென்னாகரம் வட்டத்துக்குள்ளேயே ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிறது. ஆனாலும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றையும் போரையும் நம்பித்தான் இருந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தடுப்புத் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1900 கோடி ரூபாயில் கட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளரும் பிள்ளைகளின் எலும்பு அவர்கள் தாத்தா பாட்டியின் எலும்பை விட நன்றாக இருக்கும். ஏற்கெனவே படிந்தது சீக்கிரம் போகாது.

இந்த ஊர்ச் சாப்பாடு வேறு. ராகிக் களி இல்லாமல் ஒரு நாள் நகராது. ராகியில் பாஸ்பரஸ் இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள். ஆனால் தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. பாதி கூட உடம்பில் சேராது. கோலா பானத்திலும் பாக்கெட் பண்டங்களிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். பயப்பட வேண்டியது எதற்கு என்று பாருங்கள்! (பொட்டாசியம் கணக்கு தனி, யாருக்கு எவ்வளவு என்று அவரவர் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.) பாஸ்பரஸ் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் வீண். சோற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் அது சோற்றில் இருப்பதைப் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. டயாலிசிஸ் செய்பவருக்கு ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் ஏறினால் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "என்னத்தைத் திருட்டுத்தனமா தின்னே?" என்பதுதான். பி.டி.எச் அதிகமாக இருப்பவருக்கு எலும்பு கரையும்போது கால்சியத்தோடு பாஸ்பரஸும் ரத்தத்துக்கு வந்துவிடும். அவர் சாப்பாட்டைக் குறைத்தாலும் அந்த எண் எளிதில் இறங்காமல் போகலாம். அவர் எதையும் திருடவில்லை. அவருடைய எலும்பில் இருந்து அவருக்கே தெரியாமல் எடுக்கப்படுகிறது.

ஆகவே யாரையாவது திட்டுவதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டில் அடுத்த வரியையும் பாருங்கள். பி.டி.எச் எவ்வளவு என்று அங்கே எழுதியிருக்கும். இல்லை என்றால், கடைசியாக எப்போது பார்த்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.