சுவடியும் சதுரக் கட்டமும்

பலாப்பழத்தை அறுக்காமலே சுளைக்கணக்குச் சொல்ல நம் முன்னோர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்துவிட வேண்டும். நூறு முள் என்றால் நூற்றிருபது சுளை. பழம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறதா என்பது வேறு விஷயம். தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றைக் கொண்டு பிடித்துவிடலாம் என்ற தைரியம் கணக்கதிகாரத்தின் இந்த வழியில் இருக்கிறது. அல்ஜீப்ராவுக்கு வேண்டியதும் அந்தத் தைரியந்தானே?

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் எண்சுவடியை நெட்டுருப் போட்டான். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. சுவடியில் இருந்தது வாத்தியார் வாயில் வந்து, பையன் தலையில் ஏறியது. சந்தைக்கும் களத்துமேட்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. ஆனால் எழுத்தை எண்ணாகப் பாவித்துக் கணக்குப் போடும் வித்தை அதில் இல்லை.

அந்த வித்தையைத் தமிழில் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துக்காரர். கறல் விசுவநாத பிள்ளை 1855இல் 'வீசகணிதம்' வெளியிட்டார். சில வருஷம் கழித்து, சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவரும் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். வீசம் என்றது பீஜத்தை, அதாவது விதையை. எங்கள் பக்கத்துப் பழைய வியாபாரி கேட்டிருந்தால், பதினாறில் ஒரு பங்கான வீசத்தைப் பற்றிய புத்தகம் என்று நினைத்திருப்பார்!

தமிழில் புத்தகம் வந்துவிட்டதால் பள்ளிக்கூடம் தமிழுக்கு மாறிவிடவில்லை. வெகுகாலம் உயர்நிலைப் பள்ளிப் பையன் முதலில் இங்கிலீஷோடு மல்லுக்கட்டி, மிச்சமிருந்த தெம்பில்தான் அல்ஜீப்ராவைத் தொட்டான். இதை மாற்றியதில் கோயமுத்தூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1930இல் ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தைத் தொடங்கிய தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழே பாடமொழியாக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அவர் முன்னின்று அமைத்த தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. அதன் பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மை ஆசிரியர் பெ. தூரன். கொங்குக் கவிஞரான அவர் கல்லூரியில் கணிதம் படித்தவர் என்பதும், வித்தியாலயத்தில் வாத்தியாராக இருந்தவர் என்பதும் பலருக்கு நினைவில்லை. 1968இல் முடிந்த அந்தத் தொகுதிகளை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. பக்க ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரக் கட்டம்; செல்போனைக் காட்டினால் பாடம் படமாக விரியும். கணக்குப் புத்தகம் ஜியோஜீப்ராவுக்கும் வழிகாட்டியது. மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் உருவாக்கத் தொடங்கிய செயலி அது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. அடுத்த வருஷமே கொரோனாவால் பள்ளிகள் பூட்டப்பட்டபோது, வாத்தியார் இல்லாமல் கட்டத்தையும் திரையையும் மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று. வீட்டுக்கு ஒரே போன். அதுவும் அப்பாவோடு தறிக்குடோனுக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு எக்ஸ் ஏது, ஒய் ஏது?

பள்ளிகள் திறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, பல்லடம் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மாள் முதலில் போனைத் தொடவே இல்லை. எக்ஸும் ஒய்யும் கூடினால் பத்து. எக்ஸிலிருந்து ஒய் போனால் இரண்டு. பிள்ளைகள் வரைபடத் தாளில் இரண்டு கோடுகளையும் கையால் போட்டார்கள். அரை மணி ஆயிற்று. கோடுகள் ஆறும் நாலுமான இடத்தில் சந்தித்தன. அப்புறந்தான் சுவரில் திரை விழுந்தது. இரண்டை நாலாக்கினார், ஒரு கோடு நகர்ந்து, சந்திப்பு ஏழும் மூன்றுமாகியது. இன்னும் பத்துத் தாள் செலவழித்துப் பார்க்க வேண்டியதை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டார்கள். கையில் பென்சில் பிடித்த அரை மணி இல்லாவிட்டால், அது அவர்களுக்கு வெறும் பொம்மலாட்டமாகவே இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"ஏனுங் டீச்சர், ரெண்டு கோடும் ஒன்னையொன்னு பாக்காமயே போயிருச்சுன்னா?"

"எப்பப் போகும், நீயே சொல்லு சாமி."

அவன் யோசித்தான். "ரெண்டுலயும் கூட்டல்தானுங்க. ஒன்னு பத்து, ஒன்னு பன்னெண்டு."

பத்தாகவும் பன்னிரண்டாகவும் ஒரே சமயத்தில் எப்படி இருக்க முடியும் என்று முன்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். டீச்சரம்மாள் திரையை அணைத்துவிட்டுச் சாக்குக் கட்டியை அவன் கையில் கொடுத்தார்.