தானியக் குவியலும் மனையியல் வகுப்பும்

மதீனத்துக் கடைவீதியில் ஒருநாள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் தம் கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாயிருந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இந்நிகழ்ச்சியை வணிகருக்குரிய அறிவுரையாகவே நாம் பெரிதும் எடுத்துச் சொல்கிறோம். வாங்குவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மேற்பரப்பைக் கண்டு மயங்காமல் சோதித்தறிய வேண்டும் என்பதே அது.

இப்பாடம் பிற்காலத்தில் ஒரு துறையாகவே வளர்ந்தது. அங்காடிகளை மேற்பார்வையிட்ட முஹ்தஸிப் எனும் அதிகாரிகளுக்காக 12ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டு அறிஞர் ஷைஸரீ ஒரு கையேடு எழுதினார். பாலில் ஒரு மயிரைத் தோய்த்தெடுத்து, நீர் கலந்திருப்பதைக் கண்டறியும் முறையும் அதில் உண்டு. எனினும் அந்நூல் அதிகாரிகளுக்காகவே எழுதப்பட்டது. இத்தகைய சோதனை வகுப்பறைக்கு வந்து மாணவியரை ஈர்த்த வரலாற்றைக் காண, நாம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

பாஸ்டன் நகரிலிருந்த மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1871ஆம் ஆண்டு எல்லன் ஸ்வாலோ எனும் பெண்மணி வேதியியல் பயிலச் சேர்ந்தார். அக்கழகத்தின் முதல் மாணவி அவரே. அவரிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. அதனைச் சலுகையென்று அவர் எண்ணியிருந்தார். எதிர்ப்பு எழுந்தால் அவர் மாணவியே அல்லர் என்று சொல்லிவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பதைப் பின்னரே அறிந்தார். 1873இல் பட்டம் பெற்ற அவர், மணமானபின் எல்லன் ரிச்சர்ட்ஸ் என்று வழங்கப்பட்டார்.

1876இல் அதே கழகத்தில் பெண்களுக்கெனத் திறக்கப்பட்ட ஆய்வுக்கூடத்தில் அவர் ஊதியமின்றிக் கற்பித்தார். சூத்திரங்களை மனப்பாடம் செய்விப்பதோடு அவர் நிற்கவில்லை. மாவு ஏன் உப்புகிறது, சவர்க்காரம் அழுக்கை எவ்வாறு நீக்குகிறது என்னும் அன்றாடக் கேள்விகளுக்கு வேதியியல் வழியே விடை தந்தார். சமையலிலும் துப்புரவிலும் உள்ள வேதியியலைப் பற்றி 1882இலும், உணவுப்பொருள்களின் கலப்படம் பற்றி 1886இலும் அவர் நூல்கள் வெளியிட்டார். தம் வீட்டு அடுப்பங்கரையே ஆய்வுக்கூடமாகுமென்று கண்ட பெண்களுக்கு அறிவியல் அந்நியமாகத் தோன்றவில்லை.

1893இல் சிகாகோ நகர உலகக் கண்காட்சியில் அவர் நடத்திக் காட்டிய சமையற்கூடத்தில், உண்ண வந்தோருக்கு உணவோடு அதன் சத்து விவரமும் வழங்கப்பட்டது. 1899இல் லேக் பிளாசிட் எனும் ஊரில் கூடிய ஆசிரியர்கள் இக்கல்விக்கு மனையியல் எனப் பொருள்படும் பெயரைத் தேர்ந்தனர். 1908இல் அமைந்த சங்கத்துக்கு ரிச்சர்ட்ஸ் அம்மையாரே முதல் தலைவரானார். 1911இல் அவர் மறைந்தார்.

1917இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் அந்நாட்டுப் பள்ளிகளில் இக்கல்விக்கு அரசு நிதி கிட்டியது. பாடம் பரவியது, ஆனால் பல இடங்களில் அதன் உயிர் மெலிந்தது. பெண்பிள்ளைகளுக்கு உரிய சமையலும் தையலுமே மனையியல் என்றாயிற்று. ஏன் என்று கேட்கத் தூண்டிய கல்வி, சொன்னபடி செய்யும் பயிற்சியாகக் குறுகியது. அக்குறையைக் களையும் முயற்சியாக, 1994இல் அந்தச் சங்கம் தன் பெயரைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று பொருள்படுமாறு மாற்றிக்கொண்டது.

இவ்வரலாறு நமக்கும் உரியதே. நம் பெண்மக்களுக்குப் பணிகளைப் பழக்குகிறோம்; அப்பணிகளுக்குள் இருக்கும் அறிவைத் தருகிறோமா? ஆண்மக்களுக்கு இரண்டையுமே தராமல் விடுகிறோமே! நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அங்காடியில் தானியத்தைச் சோதித்த கரமும், இல்லத்தில் உதவிய கரமும் ஒன்றே. அந்த முன்மாதிரியை மகளுக்கும் மகனுக்கும் ஒருசேரக் கற்பிப்பது நம் கடமையாகும்.