எழுபத்தைந்து விநாடி

சென்ற வாரம் ஓர் அமெரிக்கக் கோர்ட்டுத் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவனுக்குத் தீர்ப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். நான் காலேஜில் இரண்டு வருஷம் படித்து நின்றுவிட்டவன். சட்டம் படித்தவன் அல்ல. இருந்தாலும் தீர்ப்புகளைப் படிப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. இன்னார் இன்ன நேரத்தில் இன்னது செய்தார் என்று அலங்காரமில்லாமல் சொல்லிக்கொண்டு போகும் எழுத்து வேறு எங்கே கிடைக்கிறது?

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு வந்தது: 75 விநாடி. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொதிக்கக் கொதிக்க வந்த காப்பியை ஆற்றி முதல் வாய் குடிப்பதற்குள் 75 விநாடி ஓடிவிட்டது. அவ்வளவு நேரத்தில் ஒரு பதினாறு வயதுப் பையன் செத்துப்போனான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தீர்மானிக்க எட்டு வருஷம் பிடித்தது. பதில் சொல்ல வேண்டியவர் யாருமில்லை என்று தீர்மானமாயிற்று.

1990-ம் வருஷம் மே மாதம் 22-ம் தேதி, இரவு சுமார் எட்டரை மணி. இடம், கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ கௌண்டி. கௌண்டி என்றால் நம் ஜில்லாவைப் போல ஒரு பிரிவு. அதன் போலீஸ் தலைவருக்கு ஷெரீப் என்று பெயர். எங்கோ அடிதடி என்று செய்தி வந்து இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். காரியம் முடிந்து தங்கள் கார்களுக்குத் திரும்பிய சமயத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்தது. ஓட்டி வந்தவனுக்கு வயது 18. பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு 16. அந்த அடிதடிக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெயர்கள் எல்லாம் தீர்ப்பில் இருக்கின்றன, நமக்கு வேண்டாம்.

ஒரு போலீஸ்காரர் தம் காரின் சுழல் விளக்கைப் போட்டார்; நிற்கும்படி கத்தினார்; மோட்டார் சைக்கிளை மடக்குவதற்காகத் தம் காரை மற்றவருடைய காருக்கு அருகில் நகர்த்தினார். பையன் இரண்டு கார்களுக்கும் நடுவே மெதுவாக வண்டியை நுழைத்து வெளியே வந்ததும் பறந்துவிட்டான். மற்றப் போலீஸ்காரர் உடனே சைரனைப் போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பித் துரத்தினார்.

துரத்தியது குடித்தனக்காரர்கள் வசிக்கும் தெருக்களில். 75 விநாடி, 1.3 மைல் தூரம். மோட்டார் சைக்கிள் எதிரே வரும் வண்டிகளுக்கிடையில் நெளிந்து நெளிந்து போயிற்று. இரண்டு கார்களும் ஒரு சைக்கிளும் பாதையை விட்டு ஒதுங்கித் தப்பித்தன. வேகம் மணிக்கு 100 மைல் வரையில் போயிற்று. சில சமயம் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 100 அடிதான். அந்த வேகத்தில் போலீஸ் கார் நிற்க வேண்டுமானால் 650 அடி தேவை என்று தீர்ப்பே சொல்கிறது. நான் காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 மைல் வேகத்தில் 100 அடியைக் கடக்க முக்கால் விநாடி கூட ஆகாது. ஆக, முன்னால் போகிறவன் விழுந்தால் பின்னால் வருகிறவருக்குப் பிரேக் போட்டுப் பயனில்லை. இது துரத்தத் தொடங்கும்போதே தெரிந்த கணக்கு.

இடது பக்கம் வெடுக்கென்று திரும்பப் பார்த்தபோது மோட்டார் சைக்கிள் சாய்ந்தது. ஓட்டினவன் விலகிவிட்டான். பின்னால் இருந்தவனால் முடியவில்லை. பிரேக் போட்டும் சறுக்கிக்கொண்டு வந்த போலீஸ் கார் மணிக்கு 40 மைல் வேகத்தில் அவன்மேல் மோதி, 70 அடி தூரம் தூக்கி எறிந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

பின் ஸீட்டில் இருப்பவன் கையில் ஹாண்டில்பார் கிடையாது. காலுக்குப் பிரேக் கிடையாது. நில் என்றாலும் ஓடு என்றாலும் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை. தீர்ப்பைப் படிக்கும்போது என் மனம் அவனைவிட்டு நகரவே இல்லை.

பையனின் தாய் தகப்பனார் வழக்குப் போட்டார்கள். கலிபோர்னியா ராஜ்யத்தின் சட்டப்படி நஷ்ட ஈடு கேட்டார்கள். குற்றம் செய்தவனையோ, செய்ததாகச் சந்தேகப்படுகிறவனையோ துரத்தும்போது நேரும் சேதத்துக்குப் போலீஸ்காரர் பொறுப்பாளி அல்ல என்று அந்த ராஜ்யச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அந்தக் கதவு மூடிக்கொண்டது. சட்டப்படியான முறையின்றி எந்த மனிதனின் உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறதே அமெரிக்க அரசியல் சட்டம், அதன்படி நியாயம் கேட்டார்கள். கீழ்க் கோர்ட்டு தள்ளியது. 1996-ல் அப்பீல் கோர்ட்டு கேட்டுக்கொண்டது. போலீஸ்காரர் உயிரைத் துச்சமாக நினைத்து நடந்தாரா என்று விசாரிக்கலாம் என்றது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1998-ம் வருஷம் மே 26-ம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவாகப் போலீஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

பிரதான தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் சூட்டர். நிதானமான மனிதர், எழுத்திலும் அந்த நிதானம் தெரிகிறது. அவர் சொன்ன நியாயத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். சிறை அதிகாரிக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. நோயாளிக் கைதியை அவர் கவனியாமல் விட்டால் அலட்சியமே குற்றம். துரத்துகிற போலீஸ்காரருக்கு யோசிக்க நேரம் ஏது? ஆகையால் அவரிடத்தில் அலட்சியம் இருந்தது என்று காட்டினால் போதாது. சட்டத்தை நிலைநாட்டும் நோக்கமே இல்லாமல், தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு துரத்தினார் என்று காட்ட வேண்டும். அப்போதுதான் அது மனச்சாட்சியை அதிர வைக்கும் செயல்.

மனச்சாட்சியை அதிர வைப்பது என்ற இந்த அளவுகோல் 1952-ல் வந்த வேறொரு வழக்கில் பிறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் வீட்டுக்குள் போலீஸ்காரர்கள் புகுந்தார்கள். அவர் இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வயிற்றுக்குள் குழாயைச் செலுத்தி வாந்தி எடுக்க வைத்து, மாத்திரைகளைச் சாட்சியமாக எடுத்தார்கள். அதைக் கண்டு நீதிபதி பிராங்பர்ட்டரின் மனச்சாட்சி அதிர்ந்தது. ஆனால் யாருடைய மனச்சாட்சி எதற்கு அதிரும் என்று எப்படி அளப்பது? 1998 தீர்ப்பிலேயே நீதிபதி ஸ்காலியா, முடிவுக்குச் சம்மதித்துக்கொண்டே, இந்த அளவுகோலைக் கேலி செய்தார். மனம்போனபடி அளக்கிற அளவுகோல்களுக்குள் இது சிகரம் என்பதற்கு, ஒரு பழைய மேடைப் பாட்டிலிருந்து உபமானம் எடுத்து, நெப்போலியன் பிராந்தியையும் மகாத்மா காந்தியையும் ஒரே வரியில் நிறுத்தினார். காந்திஜியின் பெயர் எங்கெங்கெல்லாம் போய் அகப்பட்டுக்கொள்கிறது, பாருங்கள்!

எனக்கு இந்த இடத்தில் ஒரு பழைய ஞாபகம் வந்தது. எழுதத் தொடங்கின புதிதில் வில்லன் இல்லாமல் நான் கதை எழுதியதில்லை. யாராவது செத்தால் அதற்கு ஒரு கெட்டவன் வேண்டும். ஒரு பத்திரிகாசிரியர் என் கதையைத் திருப்பி அனுப்பியபோது, கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: “இத்தனை கெட்டவர்களுக்கு எங்கே ஐயா போகிறீர்? ஒரு குடும்பத்தைக் கெடுக்க நாலு நல்லவர்களே போதுமே!” அன்றைக்குக் கோபம் வந்தது. பிற்பாடு அந்த வரிதான் எனக்குக் கதை எழுதக் கற்றுக் கொடுத்தது.

அந்தப் பெரிய கோர்ட்டு பதினாறு வயதுப் பையனின் சாவில் ஒரு வில்லனைத் தேடியது. கிடைக்கவில்லை. எப்படிக் கிடைப்பான்? அந்தப் போலீஸ்காரர் பையனைக் கொல்ல வேண்டும் என்று புறப்பட்டவர் அல்ல; தம் கடமையைச் செய்வதாக நினைத்துப் புறப்பட்டவர். வில்லன் இல்லை என்றதும் குற்றமும் இல்லை என்று வழக்கு முடிந்தது.

வில்லனைத் தேடாமல் காகிதத்தைத் தேடியிருந்தால் வேறு விஷயம் தெரிந்திருக்கும். அந்த ஷெரீப் இலாகாவிலேயே எழுத்து மூலமான உத்தரவு ஒன்று இருந்தது. துரத்தப்போகிறவர் அதை ரேடியோ மூலம் தலைமை நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். இவர் சொல்லவில்லை. செய்த குற்றம் இவ்வளவு வேகத்தில் துரத்தத் தகுந்த குற்றமா என்று யோசிக்க வேண்டும். இங்கே தெரிந்த குற்றம், நில் என்றபோது நிற்காமல் போனது ஒன்றுதான். சூட்டரின் தீர்ப்பும் இதை எல்லாம் எடுத்துச் சொல்கிறது. போலீஸ் இலாகாவே வகுத்த நெறிக்கு இது விரோதமாக இருக்கலாம், ஆனாலும் மனச்சாட்சியை அதிர வைக்கவில்லை என்று முடிக்கிறது.

யோசிக்க நேரமில்லை என்பது அந்த 75 விநாடிக்குப் பொருந்தும். அதற்கு முந்தின விநாடிக்குப் பொருந்துமா? துரத்துவதா, விடுவதா என்பதை யோசிக்கத்தானே உத்தரவை முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்? யாரோ மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, நிதானமாக, நடுத்தெருவில் யோசிக்க முடியாதவருக்காக முன்னாலேயே யோசித்து வைத்தது அது. மீறினால் கேட்பாரில்லை என்றால், அந்த யோசனை காகிதத்தோடு போயிற்று.

கலிபோர்னியாவில் அந்தக் காகிதத்துக்கு வினோதமான மதிப்பும் இருந்தது. 1987-ல் வந்த சட்டப்படி, துரத்துவதைப் பற்றி ஒரு போலீஸ் இலாகா எழுத்தில் கொள்கை வகுத்து வைத்துவிட்டால், ஓடுகிற வண்டி மோதி யாராவது செத்தால் அந்த இலாகாவை வழக்குக்கு இழுக்க முடியாது. கொள்கைப்படி நடந்தார்களா என்ற கேள்வியே இல்லை. 2002-ல் அங்கே ஓர் அப்பீல் கோர்ட்டு இந்தச் சட்டத்தின்படி போலீஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, இது சரியில்லை, சட்டசபை இதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று வருந்தி எழுதியது. அதே வருஷம் சிக்கோ என்ற ஊரில், போலீஸ் துரத்தி வந்த ஒரு வண்டி குறுக்குத் தெருவில் மோதி, குடும்பத்தோடு காரில் போய்க்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண் இறந்தாள். அவளுடைய பெற்றோர் சும்மா இருக்கவில்லை. சட்டசபை வாசலில் போய் நின்றார்கள். 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது. கொள்கை எழுதினால் மட்டும் போதாது, வருஷந்தோறும் போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், படித்துப் புரிந்துகொண்டதாக அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயிற்று. 2018-ல் வேறொரு வழக்கு வந்தது. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டதாக நிரூபிக்கத் தேவையில்லை, போட வேண்டும் என்று இலாகா விதித்திருந்தால் போதும் என்றது அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு. அந்த வழக்கிலும் இறந்தவர் வண்டியை ஓட்டியவர் அல்ல. உடன் உட்கார்ந்து போனவர்.

போலீஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். வேகமாகப் போனால் துரத்த மாட்டார்கள் என்று தெரிந்தால் ஓடுகிறவன் எல்லாம் இன்னும் வேகமாக ஓடுவானே! 2007-ல் வேறொரு துரத்தல் வழக்கில் ஸ்காலியா இதைத்தான் சொன்னார். நியாயமான பயம்தான். கொலை செய்தவன் ஓடுகிறான், துரத்தாதே என்று யார் சொல்வார்கள்? எனக்கும் அந்த எண்ணம் இல்லை. ஆனால் கொலைகாரனையும், பயந்து ஓடின பையனையும் ஒரே வேகத்தில் துரத்த வேண்டுமா? இந்த வித்தியாசத்தைப் பார் என்றுதான் அந்த உத்தரவு சொன்னது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், போலீஸோடு சம்பந்தப்பட்ட சாவு எதுவானாலும் போலீஸ் அல்லாத தனி அலுவலகத்துக்கு விஷயம் போக வேண்டும். அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. வேல்ஸில் கார்டிப் நகரத்தின் ஈலி பகுதியில், மின்சார சைக்கிளில் போன இரண்டு பையன்கள் விழுந்து இறந்தார்கள். வயது 16, 15. போலீஸ் துரத்தியதால் என்று ஊரில் பேச்சு எழுந்தது. துரத்தவே இல்லை என்று பொறுப்பிலிருந்தவர் ஒருவர் சொன்னார். பிறகு தெருக் காமிராவில் எடுத்த படம் வெளிவந்தது. விபத்துக்குச் சற்று முன்னால் ஒரு போலீஸ் வான் அவர்கள் பின்னால் போவது அதில் தெரிந்தது. அதற்குள் ஊரே கலவரத்தில் எரிந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்குத் துக்கம் ஒரு பங்கு என்றால், தங்களிடம் உள்ளதைச் சொல்லவில்லையே என்ற ஆத்திரம் இன்னொரு பங்கு. அது நடந்த தேதி 2023-ம் வருஷம் மே 22. சாக்ரமெண்டோப் பையன் இறந்து அன்றைக்குச் சரியாக 33 வருஷம். கதையில் இப்படி எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

பதில் சொல்வது என்றால் ஜெயிலுக்குப் போவது என்று மட்டும் அர்த்தம் இல்லை. என்ன நடந்தது, எந்த விதி இருந்தது, அதை ஏன் கடைப்பிடிக்கவில்லை என்று பெற்றவர்களின் முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும். மனத்தில் தீங்கில்லாதவரும் சொல்ல வேண்டும். அந்த விசாரணைதான் சாக்ரமெண்டோத் தம்பதிக்குக் கிடைக்கவில்லை. ஜூரிக்கு முன்னால் சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறாமலே அந்த வழக்கு முடிந்தது.

காப்பி ஆறிப்போய்விட்டது. வெளியே எங்கள் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டுகிறவனை அல்ல, பின்னால் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தேன்.