45 சதக் கணக்கு



உயர்தரப் பொருளியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது வருடம் தவறாமல் ஒரே பிழையைக் காண்கிறோம். அரசாங்கம் வாங்கிய கடனையும் வருமானத்தோடு கூட்டிவிட்டு, பற்றாக்குறை இல்லை என்று எழுதிவிடுகிறார்கள் பிள்ளைகள். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எந்த நாட்டுக்கும் பற்றாக்குறையே இராது! வரி, வரியல்லாத வருமானம், நன்கொடை ஒரு பக்கம். மீண்டெழும் செலவும் மூலதனச் செலவும் மறுபக்கம். கழித்தால் வருவது பற்றாக்குறை. கடன் அந்தப் பள்ளத்தை நிரப்புகிற மண் மட்டும்தான். கடனுக்குக் கட்டும் வட்டி செலவில் சேரும், முதலைத் திருப்பிக் கொடுப்பது சேராது.

இந்தக் கழித்தலால் ஓர் அரசாங்கமே ஆட்டம் கண்டது, 1953இல். கொரிய யுத்தத்தின்போது ஏறியிருந்த இறப்பர் விலை விழுந்துவிட்டது. வெளியில் வாங்கும் அரிசியோ நல்ல விலை. அதை மக்களுக்கு மலிவாகக் கொடுத்த மானியம் செலவுப் பக்கத்தில் வீங்கிக்கொண்டே போனது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன மானியத்தில் கை வைத்தார். கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. தபால், ரயில் கட்டணங்களும் கூடின. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. ஆசிரியர்களான நமக்கு இன்றும் உறுத்துவது இந்தக் கடைசி வரிதான்.

கிழமைக்கு ஐந்து கொத்து வாங்கிய வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றேகால் ரூபாவுக்கு வாங்கியது மூன்றரை ரூபாவாகிறது. திறைசேரியின் பற்றாக்குறை கொத்துக்கு 45 சதம் குறைந்தது உண்மை. அந்த 45 சதமும் அடுப்படிக் கணக்கில் போய் ஏறியதும் உண்மை. பாடப்புத்தகச் சூத்திரத்தில் இரண்டாவதற்கு இடமில்லை.

ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி ஆதரவளித்தது. யாழ்ப்பாணத் தொகுதியின் உறுப்பினர் ஜீ.ஜீ. பொன்னம்பலமோ அப்போது அதே அமைச்சரவையில் இருந்தார்! துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அவசரகாலநிலை வந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

செலவுப் பக்கம் அது. வரவுப் பக்கத்தை நாமே கண்டோம். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 ஆனது. கடையில் நமக்கும் சந்தோஷம்தான். வருமானம் சரிந்தது, அடுத்த வருடம் கொரோனாவும் சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. பிறகு அதே வரி 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமானது.

நமது வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. திங்கட்கிழமை வரும்போது வீட்டுச் செலவுக் கொப்பியின் ஒரு மாதக் கணக்கைப் பார்த்து எழுதி வாருங்கள். கடைக்காரரிடம் கடனுக்கு எடுத்ததை எந்தப் பக்கம் போடுவது என்று அதில் பார்ப்போம்.