எலி மருந்து மனித மருந்தான கதை

பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு "ரத்தம் உறையாமல் இருக்க" என்று ஒரு சின்ன மாத்திரை எழுதித் தருவார்கள். அதைச் சாப்பிடுகிறவர்கள் பலரிடம் ஒரு நோட்டும் இருக்கும். தேதி, ரத்தப் பரிசோதனையில் வந்த எண், இனி எத்தனை மில்லிகிராம்... இதை எழுதிக்கொண்டே வர வேண்டும். பிரஷர் மாத்திரைக்கு இல்லாத இந்தக் கணக்கு இதற்கு மட்டும் ஏன்?

அந்த மாத்திரையின் பெயர் வார்ஃபரின். (நம் ஊரில் அதன் பங்காளியான அசிட்ராம் மாத்திரையும் நிறையப் பேருக்குத் தெரியும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.) கதை ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கவில்லை, மாட்டுத் தொழுவத்தில் ஆரம்பிக்கிறது!

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் விசித்திரமாகச் செத்தன. கொம்பு அறுத்தால், காயடித்தால் ரத்தம் நிற்கவே நிற்காது. சில மாடுகள் காயமே இல்லாமல் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து விழுந்தன. கனடாவின் கால்நடை மருத்துவர் ஃப்ராங்க் ஸ்கோஃபீல்ட் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிரைக் காய வைத்து அடுக்கும்போது ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டால், அதைத் தின்ற மாட்டுக்கு இந்த நோய். கெட்ட தீவனத்தை நிறுத்து, நல்ல மாட்டின் ரத்தத்தை ஏற்று என்றார் அவர். ஆனால் தீவனத்தில் இருந்த விஷம் எது என்று தெரியவில்லை.

1933 பிப்ரவரி. விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் கொட்டும் பனியில் சுமார் 190 மைல் வண்டி ஓட்டி மேடிசன் நகரத்துக்கு வந்தார். வண்டியில் செத்த கிடேரி ஒன்று, கெட்டுப்போன தீவனம், பால் கேன் நிறைய உறையாத ரத்தம். கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர் கார்ல் பால் லிங்க் இருந்த கட்டடத்துடையது. லிங்க்கால் அன்றைக்கு அந்த மனிதருக்கு எந்த உதவியும் செய்ய முடியவில்லை. ஆனால் அந்த பால் கேன் அவரை விடவில்லை. ஆறு வருடம் கழித்து, 1939-ல், அவருடைய ஆய்வுக்கூடத்தில் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் டைகூமரால். 1940-களிலேயே டாக்டர்கள் அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

1945-ல் லிங்க் நோய்வாய்ப்பட்டு சானடோரியத்தில் படுத்திருந்தபோது எலி ஒழிப்பு பற்றிப் படித்திருக்கிறார். தன் ஆய்வுக்கூடத்தில் செய்து வைத்திருந்த கூட்டுப்பொருட்களில் ஒன்று எலிக்குச் சரியாக வரும் என்று தோன்றியது. வரிசையில் 42-ஆம் எண். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் அலுமினி ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் முதல் எழுத்துகளோடு கூமரின் என்பதன் வாலை ஒட்டி "வார்ஃபரின்" என்று பெயர் வைத்தார்கள். பணம் போட்டவர் பெயர் மருந்திலேயே நிலைத்துவிட்டது! 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது.

எலிக்கு ஏன் அவ்வளவு பொருத்தம்? தின்றவுடன் ஒன்றும் ஆகாது. அதனால் எலிக்குச் சந்தேகம் வராது, மறுபடியும் வந்து தின்னும். ரத்தம் உறைய வைக்கும் சில புரதங்களை ஈரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரதங்கள் தீரும்வரை எதுவும் தெரியாது. இன்றைக்கு மாத்திரையை மாற்றினால் பரிசோதனையில் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரிகிறது என்றால், அதற்கும் இதுவேதான் காரணம். நேற்று மறந்துபோனதற்கு இன்று இரண்டாகப் போட்டுக்கொள்ளாதே என்று சொல்வதும், கீரையை ஒரு வாரம் தட்டு தட்டாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருக்காதே என்று சொல்வதும் இங்கிருந்து வருபவைதான். கீரையில் வைட்டமின் கே அதிகம். அதை விடச் சொல்வதில்லை, ஒரே அளவில் சாப்பிடத்தான் சொல்கிறார்கள்.

எலிக்கு வைப்பதை மனிதனுக்குக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? 1951-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் தற்கொலைக்காக இதைச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தமும் வைட்டமின் கே-யும் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். மாற்று மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். விளம்பரத்துக்கு வேறு என்ன வேண்டும்?

ஆனால் உண்மையான சிக்கல் அதன் பிறகுதான். எவ்வளவு கொடுப்பது? குறைந்தால் கட்டி உண்டாகும், கூடினால் ரத்தம் கசியும். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் சோதனையை ஆர்மண்ட் குவிக் 1935-லேயே தந்திருந்தார். அந்தச் சோதனைக்கு வேண்டிய பொருளை விலங்குகளின் மூளை போன்ற திசுக்களிலிருந்து எடுப்பார்கள். ஒவ்வொரு கம்பெனியின் சரக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரே ரத்தம், இரண்டு லேப், இரண்டு பதில்! அமெரிக்காவில் புழங்கிய சரக்கு மந்தமானது. விநாடி கூடவில்லையே என்று டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். பிரிட்டனில் இருந்தவர்களைவிட அங்கே நோயாளிகள் அதிக மருந்து தின்றார்கள், அதிகமாக ரத்தக் கசிவும் கண்டார்கள். எடைக்கல் சரியில்லாத சந்தையில் வியாபாரம் எப்படி நடக்கும்? இதற்கு முடிவு வந்தது 1983-ல். உலக சுகாதார நிறுவனம் எல்லா லேபுக்கும் பொதுவான ஐ.என்.ஆர். என்ற எண்ணை ஏற்றுக்கொண்டது. இந்த மருந்து சாப்பிடாதவருக்கு அது சுமார் 1. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் கட்டி உண்டாகிறவருக்கு 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும்.

விஷத்தை மருந்தாக்கியதில் பெரிய பங்கு இந்த எண்ணுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். எண் சரியான பிறகே நம்பகமான சோதனைகள் வந்தன. 1993-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று, துடிப்பு ஒழுங்கில்லாமல் ஏற்கெனவே சின்னப் பக்கவாதமோ தற்காலிகத் தாக்குதலோ கண்டவர்களை எடுத்துக்கொண்டது. மருந்து இல்லாதவர்களில் வருடத்துக்கு 100-க்கு 12 பேருக்குப் பக்கவாதம் வந்தது. இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 4 பேருக்கு மட்டுமே. (எல்லாப் பக்கவாதத்துக்கும் இது பொருந்தாது. மூளையில் ரத்தம் கசிந்து வந்ததென்றால் கதையே வேறு. துடிப்புக் கோளாறு இல்லாமல் அடைப்பால் வந்ததற்கு ஆஸ்பிரின் போன்றவற்றைத்தான் பெரும்பாலும் தருகிறார்கள்.)

2010-ல் டாபிகாட்ரான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்தடுத்து வேறு சிலவும் வந்தன. அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். வார்ஃபரின் காலம் முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, துடிப்பும் ஒழுங்கிழந்தவர்கள் இந்தியாவில் ஏராளம். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் அப்படிப்பட்ட 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. புதிய மருந்தான ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு குறைவு, ரத்தக் கசிவோ அதிகமில்லை. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இதே பழைய மருந்துதான். அவர்கள் கையில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.